விசாவில் பத்து வருஷம், தங்குவதற்கு எத்தனை மாதம்?

கேள்வி: நான் திருமங்கலத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளும் மருமகனும் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறார்கள். 2023ல் அவளுடைய முதல் பிரசவத்துக்குப் போய் ஐந்தரை மாதம் இருந்துவிட்டு வந்தோம். அப்போது கொடுத்த விசா 2033 வரை இருக்கிறது. இப்போது இரண்டாவது பிரசவம். "விசாதான் பத்து வருஷத்துக்கு இருக்கே, இந்தத் தடவை ஒரு வருஷம் இருங்க" என்கிறாள் மகள். ஆறு மாதம் முடியும்போது மெக்சிகோவுக்கு ஒரு வாரம் போய்வந்தால் இன்னும் ஆறு மாதம் கிடைக்கும் என்கிறார் உறவினர் ஒருவர். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் வேலை செய்த கணக்கில் வருமா என்று எனக்கு ஒரு பயம். இதற்கிடையில், மேலூரில் விவசாயம் செய்யும் எங்கள் சம்பந்தி முதல் தடவையாக விசாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள். பிரசவம், பேரப்பிள்ளை என்று வாயே திறக்கக் கூடாது, சுற்றுலா என்று மட்டும்தான் சொல்ல வேண்டும் என்கிறாராம் ஏஜெண்ட். அவர்கள் வருமான வரிக் கணக்கு கொடுத்ததே இல்லை. அதையும் தயார் செய்து தருவதாகச் சொல்கிறாராம். எது சரி, எது தப்பு?

பதில்: அம்மா, மகள் சொல்வது தவறு. பாசத்தில் சொல்கிறாள் என்பது புரிகிறது. ஆனால் அதன்படி நடந்தால் 2033 வரை இருக்கும் அந்த விசாவையே இழந்துவிடுவீர்கள். மதுரையில் உட்கார்ந்து விசா ஆவணங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, பெற்றோர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது இந்த ஒன்றைத்தான். விசாவில் அச்சிட்டிருக்கும் தேதி வேறு, நீங்கள் அங்கே தங்கலாம் என்று கொடுக்கப்படும் தேதி வேறு.

உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பது பி1/பி2 விசா, அதாவது வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கான விசா. இந்தியர்களுக்கு இதைப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்குக் கொடுக்கிறார்கள். இந்தப் பத்து வருஷத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அமெரிக்க விமான நிலையத்தில் போய் இறங்கி, உள்ளே விடுங்கள் என்று கேட்கலாம் என்பதுதான் அதன் பொருள். உள்ளே விடுவதா, விட்டால் எந்தத் தேதி வரைக்கும் என்பதை அங்கே உட்கார்ந்திருக்கும் இமிகிரேஷன் அதிகாரி அன்றைக்கு முடிவு செய்வார். அவர் கொடுக்கும் தேதி ஐ-94 என்ற பதிவில் ஏறும். முன்பெல்லாம் ஒரு வெள்ளைச் சீட்டைப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தருவார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பல விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டில் முத்திரைகூடக் குத்துவதில்லை. அதனால் நீங்களாகப் போய்ப் பார்த்தால்தான் உங்கள் தேதி உங்களுக்குத் தெரியும்.

வீடு போய்ச் சேர்ந்த மறுநாளே மகளை உட்கார வைத்து, அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் ஐ-94 பதிவை எடுக்கச் சொல்லுங்கள். இதற்குக் காசு கிடையாது. தளத்தின் முகவரி டாட் ஜிஓவி என்று முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அதே மாதிரி தோற்றத்தில் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. உங்களுக்கு ஒரு ஐ-94, உங்கள் கணவருக்குத் தனியாக இன்னொன்று. சேர்ந்தே போய் இறங்கினாலும் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். தேதியோ பெயரோ தவறாக இருந்தால் உடனே சொல்லித் திருத்திக்கொள்ளலாம், அதற்கென்றே விமான நிலையங்களில் அலுவலகம் உண்டு. ஐந்து மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் அலைச்சல்.

உறவினரைப் பார்க்க வருபவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம் கொடுப்பார்கள். செப்டம்பர் 12ல் இறங்கினால் மார்ச் 11 என்று இருக்கும். இதை 180 நாள் என்று விரல் விட்டு எண்ணாதீர்கள். பதிவில் என்ன தேதி இருக்கிறதோ அதுதான் கணக்கு. அதிகாரி நினைத்தால் குறைவாகவும் கொடுக்கலாம். சிலருக்கு மூன்று மாதம் மட்டுமே கொடுத்து, பழக்க தோஷத்தில் ஆறு மாத டிக்கெட்டோடு அவர்கள் நிம்மதியாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்தத் தேதியைத் தாண்டினால் என்ன ஆகும்? ஒரே ஒரு நாள் தாண்டினாலும், நீங்கள் எந்த விசாவில் நுழைந்தீர்களோ அது சட்டப்படி அப்போதே செல்லாததாகிவிடும். பாஸ்போர்ட்டில் 2033 என்று அச்சிட்டபடியே இருக்கும், ஆனால் அதை வைத்துக்கொண்டு மறுபடி நுழைய முடியாது. ஊருக்கு வந்து புதிதாக விண்ணப்பித்து, ஏன் தாண்டினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 180 நாளுக்கு மேல் தாண்டி, ஒரு வருஷத்துக்குள் கிளம்பினால் மூன்று வருஷம் உள்ளே வரத் தடை. ஒரு வருஷமோ அதற்கு மேலோ தாண்டிவிட்டுக் கிளம்பினால் பத்து வருஷம் தடை. 1996ல் வந்த சட்டம் இது, இன்றும் அப்படியேதான் இருக்கிறது. "கிளம்பும்போது அங்கே யாரும் முத்திரை குத்துவதில்லையே, எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. விமான நிறுவனம் பயணிகள் பட்டியலை அனுப்பிவிடுகிறது. எந்த நாளில் வெளியேறினீர்கள் என்பது அதே கம்ப்யூட்டரில் ஏறிவிடும்.

சரி, ஆறு மாதம் போதவில்லை என்றால் முறையான வழி இல்லையா? இருக்கிறது. ஐ-539 என்ற விண்ணப்பத்தைக் கொடுத்து நீட்டிப்புக் கேட்கலாம். ஐ-94 தேதி முடிவதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குறைந்தது 45 நாள் முன்னதாகவே போடுங்கள் என்று அதை வாங்கும் குடியேற்றத் துறையே சொல்கிறது. 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி ஆன்லைனில் 420 டாலர், தாளில் அனுப்பினால் 470 டாலர். சரியான நேரத்தில் கொடுத்துவிட்டால், முடிவு வரும்வரை நீங்கள் அங்கே இருக்கும் நாட்கள் அந்த மூன்று வருஷ, பத்து வருஷத் தடைக்கான கணக்கில் சேராது. மறுத்துவிட்டால் உடனே கிளம்ப வேண்டும்.

ஆனால் இதை முதலிலேயே திட்டமாக வைத்துக்கொண்டு போகாதீர்கள். நீட்டிப்பு என்பது எதிர்பாராமல் வரும் சூழ்நிலைக்கு. பிரசவத்தில் சிக்கல், குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறது, உங்களுக்கே உடம்பு முடியவில்லை, இதெல்லாம் டாக்டர் கடிதத்தோடு காட்டக்கூடிய காரணங்கள். "குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்று எழுதினால், அது தற்காலிகமாக வந்தவர் எழுதும் காரணமாகத் தெரியாது. நீட்டிப்பு கிடைத்து ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தாலும், அடுத்த தடவை இறங்கும்போது அதிகாரியின் திரையில் அந்த ஒரு வருஷம் தெரியும். இவர் வந்து போகிறவரா, இங்கேயே குடியிருக்கிறவரா என்று அவர் யோசிப்பார்.

இன்னொன்று. நீங்கள் இருவரும் பென்ஷன் வாங்குபவர்கள். ஆண்டு நேர்காணலுக்கு வராமல், உயிர்வாழ் சான்றும் கொடுக்காமல் விட்டால் பென்ஷன் நின்றுபோகும். அங்கிருந்தே கொடுக்க வழிகள் இருந்தாலும், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதற்காக யாரை அலையவிடுவீர்கள்? ஆறு மாதத்துக்குள் திரும்பினால் இந்தக் கவலையும் இல்லை.

மெக்சிகோ யோசனைக்கு வருகிறேன். இந்த யோசனை எப்படித்தான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்கிறதோ தெரியவில்லை. அமெரிக்க விசா இருப்பவர்களை மெக்சிகோ தனி விசா இல்லாமல் உள்ளே விடும் என்பது உண்மை. அதை வைத்துக் கிளம்பிய கதை இது. ஆனால் மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ 30 நாளுக்குள் போய்வரும் பயணம், புதிய ஆறு மாதத்தைத் தருவதற்கு ஏற்பட்டதல்ல. பழைய ஐ-94 அப்படியே உயிரோடு இருக்கும், மீதி இருக்கும் நாட்களுக்குத்தான் திரும்ப உள்ளே விடுவார்கள். உங்களுக்கு மீதி பத்து நாள் என்றால் பத்து நாள்தான். அதைவிட மோசமானது, எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு உங்கள் நோக்கம் புரிந்துவிட்டால் உள்ளேயே விடாமல் போகலாம். அறுபதைத் தாண்டிய இரண்டு பேர், தெரியாத ஊரில், மகள் ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம் என்று நிற்பதை நினைத்துப் பாருங்கள். உறவினரிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஊருக்கு வந்து எவ்வளவு நாள் கழித்து மறுபடி போகலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலருக்கு அது சந்தேகம். வருஷத்துக்கு ஒரு தடவைதான், ஆறு மாதம் இருந்தால் ஆறு மாதம் இங்கே இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. அதிகாரி உங்கள் வரவு போக்கைப் பார்த்து எடை போடுவார். அங்கே இருந்த நாட்களைவிட இங்கே இருந்த நாட்கள் அதிகமாக இருந்தால் கேள்வி குறையும். நீங்கள் 2023க்குப் பிறகு இப்போதுதான் போகிறீர்கள். உங்கள் கணக்கு சுத்தமாக இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேரக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது வேலையா என்று பயப்பட்டிருக்கிறீர்கள். மகளைப் பார்க்கப் போவதும், பிரசவ நேரத்தில் கூட இருப்பதும், ரசம் வைத்துக் கொடுப்பதும் குடும்பத்தைப் பார்க்கும் பயணத்துக்குள் அடங்கியவை. பி2 விசா அதற்காகவும்தான் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு செய்வது கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டு மாதம் இவ்வளவு என்று வாங்குவது, தெரிந்தவர்களுக்குச் சமைத்து விற்பது, இவை விசாவை மீறும் செயல்கள். இட்லி மாவு விற்பதற்குக்கூட இது பொருந்தும். விமான நிலையத்தில் கேட்டால், "மகளுக்குப் பிரசவம், கூட இருக்க வந்திருக்கிறோம், இந்தத் தேதியில் திரும்புகிறோம்" என்று இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். "மகள் வேலைக்குப் போக வேண்டும், அதனால் ஒரு வருஷம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தேன்" என்று சொன்னால், சம்பளம் இல்லாத ஆயா வேலைக்கு வந்தவராக அவருக்குத் தோன்றலாம். இப்படிச் சொல்லாதீர்கள் என்பதைவிட, இப்படி ஒரு திட்டத்தோடு போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

இனி சம்பந்தி வீட்டு விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கலங்க வைத்தது இதுதான்.

பிரசவம் என்று வாயே திறக்கக் கூடாது என்று அந்த ஏஜெண்ட் சொல்வதற்குப் பின்னால் ஒரு குழப்பம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2020 ஜனவரி 24 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. குழந்தைக்கு அமெரிக்கக் குடியுரிமை வாங்குவதற்காகவே அங்கே போய்ப் பிரசவிக்க நினைக்கும் பெண்ணுக்கு பி விசா கொடுக்கக் கூடாது என்பது அந்த விதி. அது பிரசவிக்கப் போகும் பயணிக்கு. அங்கேயே வசிக்கும் மருமகளைப் பார்க்கப் போகும் மாமனார் மாமியாருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்பது நல்ல காரணம், மறைக்க வேண்டிய காரணம் அல்ல.

மறைத்தால் என்ன என்று கேட்டால், இரண்டு விதமான மறுப்பு இருக்கிறது அம்மா. அந்த வித்தியாசத்தை உங்கள் சம்பந்திக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படியில்லை என்று விண்ணப்பிப்பவர்தான் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் விசா மறுக்கப்படும், மேல்முறையீடு கிடையாது. ஆனால் சூழ்நிலை மாறிய பிறகு, மறுபடி பணம் கட்டி மறுபடி விண்ணப்பிக்கலாம். மனம் நோகும், பணம் போகும், அவ்வளவுதான். பொய் சொன்னார், போலிக் காகிதம் கொடுத்தார் என்று அதிகாரி முடிவு செய்தால் அது வேறு பிரிவு. அதற்கு வாழ்நாள் தடை. விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றாலும் அது எளிதில் கிடைப்பதில்லை. விசா கிடைத்திருக்கக்கூடிய ஒரு குடும்பம் ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு வாழ்நாள் தடையை வாங்கிக்கொள்வது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

டிஎஸ்-160 என்ற ஆன்லைன் படிவத்தில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் உறவினர் யார் இருக்கிறார்கள், அங்கே யார் வீட்டில் தங்குவீர்கள், செலவை யார் ஏற்கிறார்கள், முன்பு எப்போதாவது மறுக்கப்பட்டதா என்றெல்லாம் அதில் கேள்விகள் உண்டு. மகன் இருக்கிறான் என்பதை அங்கே மறைத்துவிட்டு, சுற்றுலா என்று நேர்காணலில் சொன்னால் எடுபடாது. மகனே தன் விசாவுக்காகப் பெற்றோர் பெயரை எழுதிக் கொடுத்திருப்பான். இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. ஏஜெண்ட் நிரப்பினால் அவர் பெயரை அதில் போட வேண்டும். தன் பெயரைப் போட மறுக்கிற ஏஜெண்டிடம் படிவத்தைக் கொடுக்காதீர்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு பதிலையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையதுதான்.

வரிக் கணக்கு விஷயத்தில் பயமே வேண்டாம். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பத்துக்கு வருமான வரிக் கணக்கு இல்லை என்பதில் குற்றம் எதுவும் இல்லை. இந்தியச் சட்டப்படி விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. பட்டா, சிட்டா, நெல் விற்ற ரசீது, அந்தப் பணம் வந்து போகும் வங்கிக் கணக்கு, இவை இருக்கிறபடி இருந்தால் போதும். புதிதாக ஒரு வரிக் கணக்கை உருவாக்கி, இல்லாத வியாபாரத்தைக் காட்டினால், "என்ன வியாபாரம் செய்கிறீர்கள்?" என்ற முதல் கேள்வியிலேயே அந்தப் பெரியவர் தடுமாறிவிடுவார். பைனான்ஸில் வட்டிக்கு வாங்கி வங்கியில் இருப்புக் காட்டும் பழக்கமும் நம் ஊரில் உண்டு. போன வாரம் திடீரென்று விழுந்த பத்து லட்சம் யாரையும் நம்ப வைக்காது. மகன் அனுப்பும் அழைப்புக் கடிதமும் கட்டாயமில்லை. அவன் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்பதைவிட, இவர்கள் ஏன் திரும்பி வருவார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. அறுவடை, ஆடு மாடு, ஊரில் இருக்கும் இன்னொரு பிள்ளை, இதையெல்லாம் அவர்கள் வாயால் இயல்பாகச் சொன்னாலே போதும்.

நேர்காணல் பெரும்பாலும் சில நிமிஷங்கள்தான் இருக்கும். சென்னையில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தமிழிலேயே பேசலாம். ஏஜெண்ட் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டாம். கேட்டதற்கு மட்டும், தெரிந்த பாஷையில், முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால் நன்றாக இருக்கும். காகிதக் கட்டைக் கேட்காமலே அனுப்பிவிடுவதும் உண்டு, அதற்காகக் கலங்க வேண்டாம். கைரேகையும் போட்டோவும் எடுக்க ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள் என்று வரும். பாண்டியனில் ஏறிக் காலையில் இறங்கி நேரே அங்கே போய் நிற்காமல், முதல் நாளே போய்த் தங்கி ஓய்வெடுத்துக்கொள்வது நல்லது. அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தூதரகத்துக்குள் செல்போனைக் கொண்டுபோக முடியாது, தங்கும் இடத்திலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு நேர்காணல் கிடையாது என்று யாராவது சொன்னால் அது பழைய விதி. 2025 செப்டம்பர் 2 முதல் 79 வயதைத் தாண்டியவர்களும் பொதுவாக நேரில்தான் போக வேண்டும்.

விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. 2025ல் நிறைவேறிய சட்டம் ஒன்று விசா கொடுக்கும்போது இன்னொரு 250 டாலர் வசூலிக்கவும் வழி செய்திருக்கிறது. அதனால் பணம் கட்டும் நாளில் தூதரகத்தின் அதிகாரப்பூர்வ தளத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

நானாக இருந்தால் இப்படித் திட்டமிடுவேன். விசா கையில் இருக்கும் நீங்கள் இருவரும் பிரசவத் தேதிக்கு மூன்று நான்கு வாரம் முன்னால் போங்கள். திரும்பும் டிக்கெட்டை ஆறு மாதத்துக்கு இரண்டு வாரம் குறைவாகப் போட்டுவிடுங்கள், ஐ-94 பார்த்த பிறகு தேவையானால் தேதியை மாற்றிக்கொள்ளலாம். சம்பந்திக்கு விசா கிடைத்தால் அவர்கள் அதன் பிறகு போகட்டும். மருத்துவக் காப்பீட்டை விசாவுக்காக யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் அங்கே ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் பில்லை மகள் தலையில் கட்டக் கூடாது என்பதால் கட்டாயம் எடுங்கள். அபுதாபி வழியாக எதிஹாத் விமானத்தில் போவதானால் அமெரிக்க இமிகிரேஷனை அபுதாபியிலேயே முடித்துவிடுவார்கள். அதற்கு நேரம் விட்டு டிக்கெட் போடச் சொல்லுங்கள். பச்சைக் கறிவேப்பிலை எடுத்துப் போகாதீர்கள், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி அதோடு வருவதால் அங்கே தடை.

உங்கள் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று எழுதவில்லை. நீங்கள் அங்கே இருக்கும் நாட்களுக்குள் முடிவதாக இருந்தால், அதிகாரி ஆறு மாதம் கொடுக்காமல் பாஸ்போர்ட் தேதியோடு நிறுத்திவிடலாம். அப்படியானால் கிளம்பும் முன்பே மதுரையில் புதுப்பித்துவிடுங்கள். பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து திருப்பிக் கொடுக்கும்போது விசா இருக்கும் பக்கம் கிழியாமல், அதன்மேல் முத்திரை விழாமல் இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பார்த்து வாங்குங்கள். அந்த விசா 2033 வரை செல்லும், புதியதையும் பழையதையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும்.